பன்னிரண்டு வீடும் ஒரு ஜி.பி.எஸ்ஸும்



பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை கேட்கப் போகிறேன். அதனால் பாதியில் எழுந்து போய்விடக் கூடாது. வகுப்பில் எழுந்து போனவர்களை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை. நர்சிங் படித்து, தனியார் மருத்துவமனைகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக வீட்டு நர்சிங் செய்கிறாள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் புண் கட்டுவது, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஊசி போடுவது, மூத்திரக் குழாய் பார்ப்பது, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக் குறிப்பது என்று வேலை. பழைய ஆல்ட்டோ ஒன்று வாங்கியிருக்கிறார்கள். புருஷன் ஓட்டுகிறார். அவர் முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர்.

"சார், காருக்கு நல்ல ஜி.பி.எஸ். எது வாங்கலாம்? தினம் பன்னிரண்டு வீடு. சுத்திச் சுத்தி பெட்ரோல்லயே பாதிக் காசு போகுது சார்" என்றாள்.

கணக்கு வாத்தியாரிடம் வந்து தூரத்தையும் காசையும் ஒரே மூச்சில் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? "நான் பார்த்துச் சொல்றேம்மா" என்று பொறுப்பை எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கடைகளுக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, ஊரில் நாலு விதமான பொருளுக்கு ஜி.பி.எஸ். என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் யாராவது வாங்குவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒன்று, டிராக்கர். சின்ன டப்பா. வண்டிக்குள் எங்காவது ஒளித்து வைத்து, பேட்டரி வயரில் இணைத்துவிடுவார்கள். உள்ளே ஒரு சிம் இருக்கும். வண்டி எங்கே நிற்கிறது என்பதை முதலாளியின் போனுக்குச் சொல்லும். பேருந்து போன்ற பொது வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 140 என்ற தரத்தில், ஆபத்துப் பொத்தானோடு கேட்கிறார்களே, அதுவும் இந்த ஜாதிதான். திருட்டுக்கு நல்லது. ஆனால் ஓட்டுகிறவருக்கு வழி சொல்லாது. நான் போன முதல் கடையில் "ஜி.பி.எஸ். வேணும்" என்றவுடன் இதைத்தான் எடுத்து வைத்தார்கள். விசாரிக்காமல் வாங்கியிருந்தால், வண்டி வழி தெரியாமல் நிற்கும் இடத்தை வீட்டிலிருந்தபடியே துல்லியமாகப் பார்த்திருக்கலாம்.

இரண்டு, வழி சொல்வதற்கென்றே செய்த தனிக் கருவி. கார்மின், டாம்டாம் போன்ற பெயர்களை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். வரைபடம் அதற்குள்ளேயே இருக்கும், இணையம் வேண்டாம். நான் கேட்ட எந்தக் கடையிலும் இது இல்லை. "இப்ப யாரும் கேக்குறதில்ல சார்" என்றார்கள்.

மூன்று, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. டேஷ்போர்டில் பழைய ரேடியோ இருந்த இடத்தில் பொருத்தும் பெரிய திரை. பாட்டு, பின்பக்கக் கேமரா, வரைபடம் எல்லாம் வரும். கடைக்காரர் 14,000 சொன்னார். ஆனால் வரைபடம் ஓட அதற்கும் இணையம் வேண்டும். பெரும்பாலும் போனிலிருந்துதான் ஹாட்ஸ்பாட் கொடுக்க வேண்டியிருக்கும்.

நாலாவது நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிற போன்.

இதில் ஒரு சின்னப் பாடம். ஜி.பி.எஸ். என்பது உண்மையில் வழி சொல்வதே இல்லை. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி நம்மிடம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து, நாம் ஒவ்வொன்றிடமிருந்தும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கருவி கணக்குப் போடுகிறது. குறைந்தது நாலு செயற்கைக்கோள் கிடைத்தால் இடம் தெரியும். அவ்வளவுதான் அதன் வேலை. இதற்கு இணையம் வேண்டாம், சிம் வேண்டாம். நம் இஸ்ரோவும் இதே வேலைக்கு 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோளை அனுப்பி, நாவிக் என்ற நம் சொந்த அமைப்பை உருவாக்கியிருக்கிறது. "நீ இங்கே இருக்கிறாய்" என்பது வானத்திலிருந்து வருகிறது. "இப்படிப் போ" என்பது வரைபடச் செயலியின் வேலை. "முதலில் இவர் வீட்டுக்குப் போ, பிறகு அவர் வீட்டுக்குப் போ" என்பது யார் வேலை? அங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

கூகுள் மேப்பில் ஒரு பயணத்தில் 9 நிறுத்தம் வரை சேர்க்கலாம். ஆனால் நாம் எந்த வரிசையில் போடுகிறோமோ அதே வரிசையில்தான் கூட்டிக்கொண்டு போகும். "இதைவிட நல்ல வரிசை இருக்கு" என்று அது சொல்லாது. வரிசையை மாற்றுவதும் நம் விரல்தான். வரிசையையும் தானே போட்டுத் தரும் செயலிகள் தனியாக இருக்கின்றன. ரோடு வாரியர், ஸியோ ரூட் பிளானர் போன்றவை. கூரியர்க்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். குறைந்த எண்ணிக்கை நிறுத்தங்களுக்கு இலவசம், அதற்கு மேல் போனால் மாதக் கட்டணம்.

இந்த வரிசைக் கணக்கு எனக்குப் பழைய சிநேகிதன். வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிறவன் எல்லா ஊரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குறைந்த தூரத்தில் வீடு திரும்புவது எப்படி? 1832லேயே ஜெர்மனியில் ஊர் சுற்றும் விற்பனையாளர்களுக்கென்று கையேடு போட்டு இதைப் பேசியிருக்கிறார்கள். 1954இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூன்று பேர் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டு முடித்தது கணித உலகில் பெரிய செய்தி. பன்னிரண்டு வீடு என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறீர்களா? பன்னிரண்டு வீட்டை வரிசைப்படுத்த 47,90,01,600 வழி இருக்கிறது. பிளஸ் ஒன்னில் ஃபாக்டோரியல் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு ஒரு வரிசை வீதம் தூங்காமல் சரிபார்த்தால் 15 வருடத்துக்கு மேல் ஆகும்.

சரி, கணக்கைப் போடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதே சரியாகக் கையில் இல்லை.

நம்ம ஊர் விலாசம் உங்களுக்குத் தெரியாததா? பழைய நம்பர், புது நம்பர். ஏரியாவுக்கு ஒரு மாரியம்மன் கோவில் தெரு. "வேப்பமரத்துக்கு எதிர்ச் சந்து" என்று எழுதியிருக்கும். வேப்பமரத்தை வெட்டி வருடம் ஆகியிருக்கும். சரி, வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லலாம் என்றால், அதில் ஒரு வேடிக்கை. வில்லாபுரத்தில் இருக்கிற ஒரு பெரியவருக்காக அவர் மகன் லொகேஷன் அனுப்பினார். திறந்தால் வரைபடம் சிங்கப்பூரைக் காட்டியது. பாவம், தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே 'கரண்ட் லொகேஷன்' அழுத்திவிட்டார். "இதுக்கு ஆல்ட்டோ பத்தாது சார்" என்றார் மாணவியின் புருஷன்.

கடைசியில் நானே இரண்டு நாள் காரில் கூடப் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, வரைபடத்தில் விரலை அழுத்திப் பிடித்து, அந்தப் புள்ளியைப் பெயரோடு சேமித்தோம். அப்படி அழுத்தும்போது எழுத்தும் எண்ணும் நடுவில் ஒரு கூட்டல் குறியுமாக ஒரு குறியீடு வரும். பிளஸ் கோடு என்பார்கள். தெருப் பெயரே இல்லாத இடத்துக்கும் அது உண்டு. நம் அஞ்சல் துறையும் 2025 மே மாதம் டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. நாட்டையே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. வேப்பமரம் போனாலும் கட்டம் போகாது.

பன்னிரண்டு புள்ளியும் வந்துவிட்டது. ஆற்றுக்கு வடக்கே ஏழு: வண்டியூரில் இரண்டு, மேலமடை, கருப்பாயூரணி, ஒத்தக்கடை, கே.கே. நகர், அண்ணா நகர். தெற்கே ஐந்து: தெப்பக்குளம், அனுப்பானடி, சிந்தாமணி, வில்லாபுரம், ஐராவதநல்லூர். அவர்கள் தினம் போய்க்கொண்டிருந்த வழியைக் குறித்துப் பார்த்தால் 44 கிலோமீட்டர். குழந்தை சிலேட்டில் கிறுக்கின மாதிரி கோடு கோட்டை வெட்டிக்கொண்டு போகிறது. காலையில் முதல் வேலையாக ஆற்றைத் தாண்டுகிறார்கள், திரும்ப வருகிறார்கள், மறுபடியும் தாண்டுகிறார்கள்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவது பக்கத்தைவிட அதிகம் என்று ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்கெல்லாம் சொன்னேன் அல்லவா? அதிலிருந்தே வருகிற விஷயம்: நேர்கோடுகளாக வரைந்த சுற்றில் இரண்டு கோடு ஒன்றையொன்று வெட்டினால், அந்த வெட்டை அவிழ்த்தால் தூரம் கட்டாயம் குறையும். சாலைகள் நேர்கோடு இல்லை என்றாலும், ஏறக்குறைய இது வேலை செய்யும். ஒவ்வொரு வெட்டாக அவிழ்த்தேன். கூடவே ஒரு விதியும் போட்டேன்: வைகையை இரண்டே தடவைதான் தாண்ட வேண்டும். போக ஒன்று, வர ஒன்று. பாலத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் யானைக்கல் தரைப்பாலத்தை அடைத்துவிடுவார்கள், மற்றப் பாலமெல்லாம் பிதுங்கும்.

வடக்கு வீடுகளை முதலில் முடித்து, அண்ணா நகரிலிருந்து குருவிக்காரன் சாலைப் பாலம் வழியாகத் தெற்கே இறங்கி, தெப்பக்குளம், வில்லாபுரம், சிந்தாமணி, அனுப்பானடி, கடைசியாக ஐராவதநல்லூர், அங்கிருந்து ரிங் ரோடு பாலம் ஏறி வண்டியூர். மொத்தம் 35 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 9 கிலோமீட்டர் மிச்சம். மாதம் 26 நாள் என்றால் 234 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 ஓடுகிற வண்டியில் 13 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் வாங்காமலே காசு மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு தாளில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்காத குறை. அவ்வளவு பெருமை.

இனிமேல் எழுதுவது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

ஐராவதநல்லூரில் ஒரு பாட்டி. தனியாக இருக்கிறார். சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது, ஊசியில் அளவு பார்க்க முடியாது. அதனால் காலையில் இவள் போய் இன்சுலின் போட வேண்டும். போட்டு அரை மணி கழித்துத்தான் பாட்டி சாப்பிடுவார். சாயங்கால ஊசியைப் பக்கத்து வீட்டுப் பெண் வேலை முடிந்து வந்து போட்டுவிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. என் தாளில் பாட்டி என்பது பன்னிரண்டாவது புள்ளி.

முதல் நாள் போய்ச் சேர ஒன்பதே கால் ஆனது. இரண்டாவது நாள் மேலமடையில் நெரிசல், அதற்கு முன் ஒரு வீட்டில் புண் கட்ட நேரம் ஆகிவிட்டது. பாட்டி வீட்டுக்குப் போனபோது மணி பத்து. கதவு தாழ் போடாமல் இருந்தது. பாட்டி நாற்காலியில் வியர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தார். கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. முந்தின நாள் சாயங்காலம் போட்ட மருந்து உடம்பில் இருக்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. நர்ஸ் வருவாள், ஊசி போட்ட பிறகு சாப்பிடலாம் என்று அந்த அம்மா பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் காத்திருந்திருக்கிறார். சர்க்கரை பார்த்தால் 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

நல்லவேளை, இவள் நர்ஸ். உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்து, இட்லி ஊட்டி, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, பாட்டி தெளிந்து பேசும்வரை கூடவே இருந்திருக்கிறாள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவேண்டிய கோபம், அவள் மேல் திரும்பியது.

"நேரத்துக்குப் போகணும்னு உனக்குத் தெரியும்ல? முன்னாடி எத்தனை மணிக்குப் போவ?"

"ஆறரை மணிக்கு சார். மொத வீடே அதான் சார்."

"பிறகு ஏம்மா என் தாளைப் பார்த்ததும் சொல்லலை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "சார் போட்ட கணக்கு. தப்பா இருக்காதுன்னு நெனச்சோம் சார்."

பிள்ளைகளே, முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவன் நான். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம் என்னை உட்கார வைத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று தினமும் சொன்னேன். கேட்டவனை என்ன பார்வை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது வயதை நெருங்குகிறவள், ஒரு உயிரைக் கையில் வைத்திருக்கிறவள், வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று தனக்குத் தெரிந்ததையே விட்டுவிட்டாள். அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தது யார்?

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. அவர்கள் காலையில் முதல் வேலையாக ஆற்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததைக் கிறுக்கல் என்று சிரித்தேன் அல்லவா? அது கிறுக்கல் இல்லை. அது பாட்டியின் இட்லி. "ஏன் இப்படிப் போறீங்க" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. வினாவை இரண்டு தடவை படி, பிறகு விடை எழுது என்று உங்கள் விடைத்தாளில் எல்லாம் சிவப்பு மையில் எழுதினவன், வினாவைப் படிக்காமலேயே விடை எழுதிவிட்டேன். குறைந்த தூரம் எது என்பது வினாவே இல்லை.

சரி, அழுது என்ன ஆகும்? மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை பென்சில் அவள் கையில்.

முதலில் நான் நினைத்தது: சுற்றைத் திருப்பிவிடலாம். வட்டத்தை எந்தப் பக்கமிருந்து சுற்றினாலும் ஏறக்குறைய அதே தூரம்தான். கடைசியில் இருக்கும் ஐராவதநல்லூர் முதலில் வந்துவிடும். சொல்லிவிட்டு, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல சார். கருப்பாயூரணி வீட்டுல அந்த ஐயாவுக்குப் பக்கவாதம். மக எட்டு மணிக்கு வேலைக்குப் போயிரும். அப்புறம் கதவு தொறக்க ஆளில்ல."

அப்படித்தான் மூன்று பட்டியல் பிறந்தது. நேரம் தவறக் கூடாத வீடு: இரண்டு. இத்தனை மணிக்குள் போனால் போதும் என்கிற வீடு: நாலு. எப்போது போனாலும் சரி, போன் பண்ணிவிட்டுப் போனால் போதும் என்கிற வீடு: ஆறு. முதல் பட்டியலை முதலில் ஆணி அடித்துவிட வேண்டும். இரண்டாவதை அதற்கு நடுவே பொருத்த வேண்டும். மூன்றாவதில் மட்டும்தான் என் முக்கோணமும் வெட்டு அவிழ்ப்பதும் விளையாடலாம்.

இப்போது ஆறு பத்துக்குக் கிளம்பி, ரிங் ரோடு பாலம் ஏறி, ஆறரைக்குப் பாட்டி வீடு. வந்த வழியே திரும்பி, பாண்டி கோவில் பக்கம் வந்து, எட்டு மணிக்குள் கருப்பாயூரணி. பிறகு ஒத்தக்கடை, கே.கே. நகர் என்று மற்ற வடக்கு வீடுகள். அப்புறம் தெற்கே இறங்கி அனுப்பானடியில் முடித்து வீடு. வைகையை நாலு தடவை தாண்டுகிறார்கள். மொத்தம் 41 கிலோமீட்டர். என் பழைய தாளைவிட 6 கிலோமீட்டர் அதிகம். மாதத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர் பெட்ரோல். நான் மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"போகட்டும் சார். அதுக்கு மேல மிச்சம் புடிச்சு என்ன செய்யப் போறோம்" என்றார் அவர்.

இனி ஜி.பி.எஸ்ஸுக்கு வருவோம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பதிவை முடித்தால் நீங்களே மார்க் போட மாட்டீர்கள்.

கடைசியில் தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த பழைய போனை வழி பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்கினோம். பேச வேண்டியதெல்லாம் அவள் போனில். டேஷ்போர்டில் ஏசிக் காற்று படும் இடத்தில் ஒரு ஹோல்டர். கண்ணாடியை ஒட்டி வைத்தால் நம்ம ஊர் வெயிலில் போன் கொதித்து அணைந்துவிடும், வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நல்ல சார்ஜர் ஒன்று. ஹோல்டரும் சார்ஜரும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். மதுரை முழுவதற்கும் வரைபடத்தை வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டோம், சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஆனால் நெரிசல் நிலவரம் தெரிய இணையம் வேண்டும். பன்னிரண்டு நிறுத்தம் ஒன்றாக ஏறாது என்பதால் காலைப் பயணம், பிந்தைய பயணம் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது குற்றம். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் அனுமதிக்கிறது. ஆகவே கிளம்பும் முன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்டு ஓட்டுங்கள். வீடுகள் தினமும் மாறிக்கொண்டே இருக்கிற தொழில் என்றால், வரிசை போட்டுத் தரும் செயலிக்குக் காசு கட்டலாம். அவற்றில் 'இந்த வீட்டுக்கு இத்தனை மணிக்குள்' என்று நேரம் கொடுக்கிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த வசதி இல்லாத செயலி, என் முதல் தாளைப் போலத்தான் வேலை செய்யும்.

டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பக்கம். எந்த மணிக்குள் போக வேண்டும், கதவு திறப்பவர் யார், நாய் உண்டா, தாமதமானால் யாருக்குப் போன் பண்ண வேண்டும். ஐராவதநல்லூர்ப் பக்கத்தில் அவள் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள்: 'ஏழு மணிக்கு நான் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போன்.' என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு அதன் கீழே குறித்து வைத்திருக்கிறாள். இதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது.

நம்ம வண்டியூர்க்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வரும் வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படி. பௌர்ணமியன்று ஆற்றில் இறங்கி, ராத்திரி நம்ம வீரராகவப் பெருமாள் கோவிலுக்கு வந்து, மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுத்து, ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் காட்டி, பிறகு சேதுபதி மண்டபத்தில் பூப்பல்லக்கு ஏறி மலைக்குத் திரும்புகிறார். குறைந்த தூரம் பார்த்தால் அழகர்கோவில் சாலையில் நேரே வந்து நேரே போய்விடலாம். அவர் ஒவ்வொரு இடத்திலும் காத்திருக்கிறவர்களுக்காக நிற்கிறார். சின்ன வயதில் எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, "வந்துருவாரு, வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஐராவதநல்லூர்ப் பாட்டியும் அன்று காலை அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போல.

போன வாரம் அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சாமி, பிள்ளைக்கு நேரமாயிருச்சு" என்று சொல்லிவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன். சர்க்கரை போடாத காபி.

இப்போது உங்களுக்கு நான் சொன்ன வேலை. சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று இருக்கிற பிள்ளைகளே, உங்களில் பலருடைய அம்மா அப்பா இங்கே தனியாக இருக்கிறார்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வீட்டு வாசலில் நின்று அந்த இடத்தைப் போனில் குறித்து வையுங்கள். இருக்கிற நாட்டிலிருந்து அழுத்தாதீர்கள்! அந்தக் குறியீட்டைக் கதவுக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எந்த மருந்து எந்த நேரம், சாப்பிடுவதற்கு முன்னா பின்னா, தாமதமானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தத் தாளைப் படமெடுத்து, வீட்டுக்கு வருகிற நர்ஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

இன்னொன்று. நான் இங்கே எழுதுகிற எதிலாவது தப்பு தெரிந்தால், 'சார்' என்று தயங்காமல் கீழே எழுதுங்கள். இந்தத் தடவை முறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
வண்டியூர்.